செயின்ற் கிளேயர் வீதியில் ரோமாபுரி

ரோமாபுரியில் விடிந்திருக்கவேண்டிய அந்தப் புதன்கிழமை, தவமலருக்கு ரொறன்ரோ மாநகரின் செயின்ற் கிளேயர் வீதியிலே, ஓர் இத்தாலிய வெதுப்பகத்தின் மாடியறையில் விடிந்தது. பாண் வேகும் மணம் பலகைத் தரையின் இடுக்குகளூடாக ஏறிவந்து அவளை எழுப்பிற்று. கண்விழித்தவள் முதலிற் கண்டது, வாயைத் திறந்தபடி பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த தன் கணவர் குலவீரசிங்கத்தை. கண்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மணமாகி ஆறு ஆண்டுகள் ஆகியும், வேலை நாளொன்றின் காலை ஏழரை மணிக்கு அவர் உறங்கும் கோலத்தை அவள் கண்டதில்லை. அவருக்குப் பிஸ்கற் தொழிற்சாலையில் இரவு வேலை. அவளுக்குத் தையல் தொழிற்சாலையில் பகல் வேலை. அவர் வீட்டுக்குள் நுழையும் நேரத்தில் அவள் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பாள். அவர்களுடைய இல்லறம் பெரும்பாலும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்படும் துண்டுக் கடதாசிகளாலேயே நடந்துவந்தது. இருவருக்கும் ஒரே கிழமையில் லீவு கிடைத்தது இதுவே முதல் தடவை.

அந்த லீவை ரோமாபுரியிற் கழிப்பதென்று முடிவாயிற்று. பயணச்சீட்டுக்குச் சொல்லிவைத்த அன்றே, நகரின் கிழக்குக் கோடியில், மல்வேர்னில் தாங்கள் குடியிருந்த அடுக்குமாடியின் பதினொரு மாடிகளுக்கும் குலவீரசிங்கம் செய்தியைப் பரப்பிவிட்டார். அதன்பின் எலிவேற்றரில் அவரோடு ஏறியவர் எவரும் ரோமாபுரியைப் பற்றிக் கேளாமல் இறங்கியதில்லை. ஆனால் பயணத்துக்கு நான்கு நாள்களே இருக்கையில், அகதிகளுக்குரிய அவர்களது பயணப் பத்திரங்கள் விசாக் குத்தப்படாமலே திரும்பி வந்தன. இன்னும் ஆறு வாரம் பொறுக்கவேண்டுமாம்.

"உள்ளதைச் சொல்லிப்போட்டு வீட்டிலை இருப்பம்" என்றாள் தவமலர்.

"விசர்க்கதை கதைக்காதையும், மலர். நாளைக்கு எலிவேற்றரிலை என்ன முகத்தோடை ஏறுறது?"

"படியாலை ஏறுங்கோவன்."

படியால் ஏற விரும்பாத குலவீரசிங்கம் வேறொரு வழியைக் கண்டுபிடித்தார். அவரோடு வேலை செய்யும் இத்தாலியர் ஒருவருடைய தாயாரின் மாடியறை, செயின்ற் கிளேயர் வீதியில் வெறுமையாகக் கிடந்தது. தமிழர் நடமாட்டம் அங்கே அரிது. இத்தாலியரோ வீதி நிறைய. ஒரு கிழமை அங்கே ஒளிந்திருந்துவிட்டு, ரோமாபுரி கண்டவர்களாகத் திரும்பிவிடலாம் என்பது அவருடைய திட்டம்.

ஆனால் விமானம் ஏறப்போகிறவர்களை நம்மவர்கள் தனியே போக விடுவார்களா? பயண நாளான செவ்வாய் மாலை, அதே அடுக்குமாடியில் குடியிருக்கும் இராஜரட்ணம் அண்ணை தமது வானைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். பயணிகள் இருவர், சூட்கேஸ் இரண்டு, வழியனுப்புவோர் எழுவர், வழிக்கு ஓர் இடியப்பப் பார்சல். விமான நிலையத்தில் அந்த எழுவரும் வரிசையாக நின்று கையசைத்தார்கள். இவர்கள் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மறையும்வரை ஒருவரும் கையை இறக்கவில்லை. மறைந்த இருவரும் மின்படியாற் கீழே இறங்கி, வந்திறங்குவோர் பகுதியில் ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து இடியப்பத்தைத் தின்று முடித்துவிட்டு, பஸ்ஸும் சுரங்க ரயிலுமாக நகருக்குத் திரும்பினார்கள். தூணுக்குப் பின்னாலே தொடங்கிய சிரிப்பு தவமலருக்கு இன்னும் நின்றபாடில்லை.

"இஞ்சாருங்கோ, எழும்புங்கோ. ரோம் விடிஞ்சிட்டுது."

அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "நேரமென்ன?"

"ஏழரை."

"எந்த நாட்டிலை?"

அவள் தலையணையால் அவரை மொத்தினாள்.

பயணத்துக்கென்று வாங்கிய பூப்போட்ட கவுனை அவள் அணிந்துகொண்டாள். மல்வேர்னில் அதை அணிந்துகொண்டு பால் வாங்கவும் போயிருக்கமாட்டாள். குலவீரசிங்கம் அவளைச் சுற்றிவந்து பார்த்தார். "ஆரப்பா நீர்? இஞ்சை என்ரை மனுசி ஒராள் இருந்தவ. கண்டனீரோ?"

"கண்டனான். அவ வேலைக்குப் போட்டா."

வெதுப்பகத்தில் வீட்டுக்கார அம்மையார் இரண்டு சிறு கோப்பைகளிற் கோப்பி வைத்தார். "உதென்ன, சாம்பிளோ?" என்றபடி குலவீரசிங்கம் ஒரே மிடறாய் விழுங்கினார். முகம் ஒருமுறை சுருங்கி விரிந்தது. "கசாயம்" என்றார், உடனே இன்னொன்று கேட்டார். அம்மையார் உரத்த குரலில் இத்தாலிய மொழியில் ஏதோ விளக்கினார். இவர் உரத்த குரலில் தமிழில் மறுமொழி சொன்னார். இரு தரப்பாருக்கும் முழுத் திருப்தி. விளங்கியது ஒன்றே ஒன்று: மாலை நான்கு மணிக்கு உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின் அரையிறுதி, இத்தாலி ஆடுகிறது. அதனாற்றான் வீதியிலே ஒவ்வொரு யன்னலிலும் பச்சை, வெள்ளை, சிவப்புக் கொடிகள் தொங்கின.

அடுத்ததாகப் படம் பிடிக்கும் படலம் தொடங்கிற்று. ரோமாபுரியின் படத்தில் ரொறன்ரோ விழலாகாது என்பதே இடர்ப்பாடு. "கொஞ்சம் இடப்பக்கம், மலர். பொறும், தண்டவாளத்திலை வாற உந்த ஸ்ரீட்கார் போகட்டும். ஐயோ, பின்னாலை கனடாத் தபாற்பெட்டி! இன்னும் தள்ளும்." தள்ளித் தள்ளி, ஈற்றில் அவளும் ஒரு செங்கற் சுவருமே மிஞ்சினார்கள்.

"உதை எங்கையும் எடுக்கலாமே" என்றாள் அவள்.

"அதுதான் விசேசம். எங்கையெண்டு ஆரும் சொல்லேலாது."

பழச்சுவைப் பனிக்கூழ் வாங்கி இருவரும் கையைக் கோத்துக்கொண்டு நடந்தார்கள். பகல் வெளிச்சத்தில் கைகோத்து நடப்பது அவர்களுக்குப் புதிது. யாருடைய கை உள்ளே, யாருடையது வெளியே என்பதில் முதலிற் சிறு குழப்பம் இருந்தது. திடீரென அவர் நின்றார். "மலர், திரும்பாதையும். அங்காலை இராஜரட்ணம் அண்ணை!"

எதிர்ப்பக்கத்தில் அதே வழுக்கை, அதே மீசை, அதே கட்டம் போட்ட சேட். பனிக்கூழும் கையுமாக இருவரும் அடுத்திருந்த கடைக்குள் பாய்ந்தார்கள். கண்ணாடியூடாகப் பார்த்தபோது அந்த மனிதர் தமது நாய்க்குட்டியோடு வேற்று மொழியில் உரையாடிக்கொண்டு கடந்து போனார். குலவீரசிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்; தவமலரும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பியவள், தாங்கள் நுழைந்த கடை எதுவென்று அப்போதுதான் கண்டாள். சுற்றிவரச் சொரூபங்கள், மெழுகுதிரிகள். கைக்கெட்டும் தூரத்திலே கொத்துக் கொத்தாகச் செபமாலைகள். சிரிப்பு நின்றுவிட்டது.

வழியனுப்ப வந்த எழுவரில் ஒருவர் அடுத்த வீட்டு யூஜினி அன்ரி. விமான நிலையத்தில் அவர் தவமலரின் கையைப் பிடித்துக் கேட்டது ஒன்றுதான். "பிள்ளை, ரோமிலை மந்திரிச்ச செபமாலை ஒண்டு. அடுத்த மாசம் எனக்கு முழங்கால் ஒப்பறேசன். கையிலை பிடிச்சுக்கொண்டு போகவேணும்." தவமலர் தலையாட்டியிருந்தாள், வேறென்ன செய்ய?

குலவீரசிங்கம் ஒரு மாலையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "இத்தாலியிலை செய்ததெண்டு எழுதிக் கிடக்கு. வாங்கும்."

"வேண்டாம்."

"ஏன்? நல்ல வடிவாய்த்தானே இருக்கு."

"இராஜரட்ணம் அண்ணைக்குச் சுவரைக் காட்டி ரோம் எண்டு சொல்லுங்கோ, நான் பக்கத்திலை நிண்டு ஓம் எண்டு சொல்லுறன். அது பகிடி. அந்த மனுசி ஆஸ்பத்திரிக் கட்டிலிலை எங்கட பொய்யை உருட்டிக்கொண்டு கிடக்கிறது பகிடியில்லை."

"வாங்காமல் போனால் ஏனெண்டு கேப்பா. கேட்டால் உமக்குப் பொய் வராது. யூஜினி அன்ரிக்குத் தெரிஞ்சால் பின்னேரத்துக்குள்ளை பதினொரு மாடிக்கும் தெரியும்."

"தெரியும்தான்."

அவள் அவர் கையிலிருந்த மாலையை எடுத்து, இருந்த இடத்திலேயே மாட்டினாள். அவர் கடைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். எலிவேற்றரின் கதவு திறக்கும்போது உள்ளே நிற்கப்போகும் முகங்களை அவர் எண்ணிப் பார்க்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. தன் கணவர் தலைகுனிவதைக் காண அவளுக்கும் விருப்பமில்லை. ஆயினும் மாலையை அவள் திரும்ப எடுக்கவில்லை.

நான்கு மணிக்கு வெதுப்பகம் நிரம்பி வழிந்தது. வீட்டுக்கார அம்மையார் இருவருக்கும் ஒரே கதிரையைத்தான் தேடித்தர முடிந்தது. பாதிப் பாதியாக இருந்தார்கள். முதலிற் குலவீரசிங்கம் வாடிய முகத்தோடேயே இருந்தார். ஆனால் ஆட்டத்தின் முதற் பாதியில், ஐந்து நிமிட இடைவெளிக்குள் இத்தாலி இரண்டு கோல்களைப் போட்டபோது எவரால் வாடியிருக்க முடியும்? "அடியடா, அடியடா!" என்று அவர் தமிழிற் கத்த, பக்கத்திலிருந்த கிழவர் ஒருவர் அதே இராகத்தில் இத்தாலிய மொழியிற் கத்தினார். இரண்டாவது கோலுக்குக் கிழவர் எழுந்து, குலவீரசிங்கத்தின் இரு கன்னங்களிலும் ஓசைபட முத்தமிட்டார்.

"மலர், உந்தாள் என்னைக் கொஞ்சிப்போட்டார்!"

"குடுத்து வைச்ச மனுசன். எனக்கு ஆறு வருசமாய்ப் பகலிலை முறை வரேல்லை."

அவர் வெட்கத்தால் சிவந்து, அக்கம்பக்கம் பார்த்தார். ஒருவரும் பார்க்கவில்லை, எல்லாருடைய கண்களும் தொலைக்காட்சியில் இருந்தன. சட்டெனக் குனிந்து அவளுடைய நெற்றியிலே ஒன்று வைத்தார். பிறகு எதிரணி ஒரு கோல் போட்டதும், கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டதும் தவமலருக்குச் சரியாக நினைவில்லை.

ஆட்டம் முடிந்து இத்தாலி வென்றபோது, வெதுப்பகமே எழுந்து வீதிக்கு ஓடிற்று. அதற்குள் வீதி வீதியாக இல்லை. சமையற்பாத்திரங்களில் அகப்பையால் அடித்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். கார்கள் நகர மாட்டாமல் நின்ற இடத்தில் ஊதின. ஸ்ரீட்கார்ச் சாரதி வண்டியை நிறுத்திவிட்டு, கதவையும் திறந்துவிட்டுப் படியில் நின்று கைதட்டினார். யாரோ ஒரு கொடியைத் தவமலரின் தோளிற் போர்த்தார்கள். யாரோ அவளைச் சுழற்றினார்கள். சுழன்றபோது கவுனும் சேர்ந்து சுழன்றது. இந்தக் கவுனை வாங்கியது இதற்குத்தான் போலும் என்று எண்ணி அவள் இன்னுமொரு முறை தானாகவே சுழன்றாள்.

சுழன்று நின்ற இடத்தில், முகத்துக்கு நேரே ஒரு கமெரா. பக்கத்தில் ஒலிவாங்கியோடு ஓர் இளம் பெண். ஆறு மணிச் செய்தியில் இப்போதே நேரடியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அவள் ஆங்கிலத்திற் கூவினாள். யூஜினி அன்ரி ஆறு மணிச் செய்தியைத் தவறவிடுபவரல்லர். தவமலர் கொடியை உருவி, பின்னால் நின்ற கணவரின் தலைக்கு மேலே முக்காடாகப் போட்டு மூடினாள். தன் முகம் போனாற் போகட்டும், அவருடையது தப்பட்டும்.

"எங்கேயிருந்து வருகிறீர்கள்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

தவமலர் கொடிப் பக்கமாகத் திரும்பிப் பார்த்தாள். ரோம் என்று சொல்ல நா எழவில்லை. மல்வேர்ன் என்று சொல்லுவதாயின், அதைச் சொல்லவேண்டியவர் கொடிக்குள் நின்றார்.

கொடி அசைந்தது. குலவீரசிங்கம் அதைத் தலையிலிருந்து இழுத்து எறிந்துவிட்டு முன்னே வந்தார். மயிர் கலைந்து நின்றது. "மல்வேர்ன்!" என்றார் ஆங்கிலத்தில், வீதி முழுதுக்கும் கேட்கும்படியாக. பின்னர் ஒலிவாங்கியைத் தம் பக்கமாக இழுத்து, கமெராவை நேரே நோக்கித் தமிழிற் சொன்னார்: "யூஜினி அன்ரி, குலவீரசிங்கம் கதைக்கிறன். நாங்கள் ரோமுக்குப் போகேல்லை. விசா கிடைக்கேல்லை. நான்தான் பொய் சொன்னனான், மலரிலை பிழையில்லை. இராஜரட்ணம் அண்ணை, வானுக்கு அடிச்ச பெற்றோலுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ!"

இத்தாலிக்கான வாழ்த்துரை என்று அந்தப் பெண் அதனை ஏற்றுக்கொண்டாள். "அற்புதம்!" என்றாள். சுற்றிநின்றோர் ஆரவாரம் செய்தார்கள். கிழவர் எங்கிருந்தோ தோன்றி மறுபடியும் குலவீரசிங்கத்தின் கன்னங்களைப் பற்றினார்.

தவமலர் சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்தாள். "என்னப்பா செய்து வைச்சியள்! இப்ப பதினொரு மாடியும் பாத்திருக்கும். வெக்கமாய் இல்லையோ?"

"சரியான வெக்கம்" என்றார் அவர். "ஆனால் மலர், நெஞ்சு பஞ்சு மாதிரிக் கிடக்கு. இன்னும் ஆறு நாள் ஒளிக்கத் தேவையில்லை. உம்மோடை திரிஞ்சும் உம்மைப் பாக்காமல், ஆரும் தெரிஞ்ச ஆக்கள் வருகினமோ எண்டு றோட்டைப் பாத்ததுதான் மிச்சம்."

அப்போது மரக்கறி ஏற்றும் திறந்த லொறியொன்று, பின்தட்டு நிறையப் பாடுகிறவர்களோடு, ஆமை வேகத்தில் ஊர்ந்து வந்தது. மேலேயிருந்து நான்கைந்து கைகள் நீண்டன. குலவீரசிங்கம் பாய்ந்து ஏறிவிட்டுக் குனிந்து அவளுக்குக் கை கொடுத்தார்.

"உது எங்கையப்பா போகுது?"

"ஆருக்குத் தெரியும்? ஏறும்!"

அவள் ஒரு கையாற் கவுனை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையை அவரிடம் கொடுத்து ஏறினாள்.