கோம்பையில் அறுப்பு

பெரிய யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஆண்டிபட்டிப் பக்கம் மழை பொய்த்தது. பருத்தி கருகிப்போனது. நூல் இல்லாமல் தறிக்காரர்கள் கைகட்டி உட்கார்ந்தார்கள். உத்தமபாளையத்துக்காரர்களுக்கு அதனால் என்ன? வாய்க்காலில் பெரியாற்றுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "பஞ்சம் அங்கனதானே" என்று கூலிக்கு அறுக்கப் போகும் பவுனும் சொல்லிச் சிரித்தவள்தான்.

அறுப்பு வந்ததும் சிரிப்பு நின்றது. ஆண்டிபட்டி ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்து பாதிக் கூலிக்கு அறுக்க நின்றார்கள். எல்லாருக்கும் இனி அதே பாதிதான் என்று சொல்லிவிட்டார் நிலக்காரர் குருசாமி. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தப் பக்கம் காசு புழங்காததால் தேனிச் சந்தையே படுத்துக்கிடந்தது, அவர் நெல்லுக்கும் விலையில்லை.

கூலி நெல் பாதியானால் பவுனுடைய பிள்ளைகளுக்குப் பொங்கலுக்கு முன்னாடியே பட்டினிதான். மறுநாள் காலையில் இன்னொரு கூட்டம் வாய்க்கால் கரையேறி வருவதைப் பார்த்ததும் வரப்பில் ஏறி நின்றுகொண்டாள்.

"இங்கன அறுப்பு முடிஞ்சுபோச்சு! கோம்பையில ஆளு தேடுறாக, அங்கன போங்க!"

வாய் கூசாமல் சொன்ன பொய். கோம்பை மழையை நம்பிய மானாவாரி பூமி. அந்த வருஷம் அங்கே அறுக்க ஒன்றும் விளையவில்லை. கூட்டம் தயங்கியது, தங்களுக்குள் என்னமோ பேசியது, பிறகு வெயிலில் திரும்பி நடந்தது. பவுனுக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. பிள்ளைகளை நினைத்துக்கொண்டு அரிவாளை எடுத்தாள்.

சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மாயக்காளாம், ஆண்டிபட்டியாம். பவுனுடைய முகத்தையே பார்த்தாள்.

"சுப்புத்தாயி தங்கச்சி நீதானா ஆத்தா?"

சுப்புத்தாய் பவுனுடைய அக்காள். ஆண்டிபட்டியில் வாக்கப்பட்டவள்.

"கோம்பைக்குப் போற வழியில சுருண்டு விழுந்துட்டா. தண்ணி குடுத்துப் பாத்தோம், எறங்கல. போயிட்டா."

பவுனு கதவைப் பிடித்துக்கொண்டாள். "எங்கக்காவா? அவ ஏன் எங்கிட்ட வரல?"

"வெறுங்கையோட தங்கச்சி வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்னா. ரெண்டு நாளு அறுத்து, நெல்லு கொண்டுக்கிட்டுப் போவோம்னா. காலையில ஒன்னப் பாத்ததும் முக்காடு போட்டுக்கிட்டு எங்களுக்குப் பின்னால ஒளிஞ்சா."

பவுனு தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டு அழுதாள். மாயக்காள் தேற்றவில்லை. அவளுக்கு இன்னும் சொல்ல வேண்டியிருந்தது.

"கோம்பையில என்ன அறுப்புன்னு நாங்க நம்பல ஆத்தா. நடக்கவும் தெம்பில்ல, வாய்க்காலத் தாண்டுனதும் அப்படியே உக்காந்துட்டோம். அவதான் எங்கள எழுப்பிவிட்டா. 'அது எந்தங்கச்சி. அவ பொய் சொல்ல மாட்டா, நடங்க'ன்னா."