ஓய்வு நாளில் வாத்துக்குஞ்சு

அந்த வாத்துக்குஞ்சின் கண்ணில் ஒரு துளிக் கண்ணீரைக் கொண்டுவருவதற்குப் பென்சிலுக்கு மூன்று நாள் பிடித்தது. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு திரிவதால் அலுவலகத்தில் அவளுக்கு அந்தப் பெயர். முதல் நாள் வரைந்த துளி வியர்வை மாதிரி இருந்தது. அடுத்த நாள் வரைந்ததைப் பார்த்தால் குஞ்சுக்கு ஜலதோஷம் போலத் தோன்றியது. மூன்றாம் நாள் துளியைக் கீழே விழவிடாமல் இமையோரத்திலேயே நிறுத்தி, அலகை லேசாக நடுங்கவிட்டாள். பக்கத்து மேசையில் இருந்த புரோகிராமர் எட்டிப் பார்த்து, "ஐயோ பாவம்!" என்றான். வேலை முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

மூட்டிலும் எலும்பிலும் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் பயிற்சி செய்வதற்கான செயலி அது. மருத்துவமனையே நோயாளியின் போனில் போட்டுக் கொடுக்கும். நீங்கள் காலை மடக்கினால் திரையில் குஞ்சும் மடக்கும். பயிற்சி முடிந்தால் ஒரு குதி குதிக்கும். செய்யாமல் விட்டால், சாயங்காலம் போன் கிணுகிணுக்கும். திறந்தால் அந்தக் கண்ணீர். கீழே, 'இன்னைக்கு என்னை மறந்துட்டீங்களா?'

கண்ணீர் வந்த பிறகு தினமும் பயிற்சிக்குத் திரும்பி வருகிறவர்களின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. மேலாளர் எல்லோரையும் கூட்டி வைத்துக் கை தட்டினார். "ஒரே ஒரு சொட்டு! என்ன வேலை செய்யுது பாத்தீங்களா!" அன்றைக்குப் பென்சிலுக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவளுடைய அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அக்கா தபால்காரி. மழையானாலும் வெயிலானாலும் கொடுக்க வேண்டிய கடிதத்தைத் திருப்பி எடுத்து வந்ததில்லை என்பதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. நாய் துரத்தினால் நாயோடு ஓடிப் போயாவது கொடுத்துவிட்டு வருவாள். அப்படி ஓடி ஓடித்தான் முழங்கால் தேய்ந்தது என்பது அத்தானின் கட்சி.

அக்கா வீட்டு மாடியறையில்தான் பென்சில் குடியிருந்தாள். மருத்துவமனையில் அக்காவின் போனிலும் வாத்துக்குஞ்சைப் போட்டுக் கொடுத்தார்கள். அதை வரைந்தது தான்தான் என்று பென்சில் மூச்சுவிடவில்லை. கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தாள்.

வேடிக்கைக்குக் குறைவே இல்லை. "வாடி என் தங்கம், இன்னும் அஞ்சு தடவதான், சோந்து போயிட்டியா?" என்று அக்கா போனோடு கொஞ்சுவது மாடிவரை கேட்கும்.

"கல்யாணமாகி இத்தன வருஷத்துல என்கிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசிருக்காளா?" என்று அத்தான் பென்சிலிடம் முறையிட்டார்.

"நீங்க ஒரு நாளாவது அஞ்சு தடவ குனிஞ்சு நிமிந்திருக்கீங்களா?" என்றாள் அக்கா.

மூன்றாம் வாரம் பிசியோதெரபிஸ்டிடம் காட்டப் பென்சில்தான் கூடப் போனாள். பிசியோ ஒரு சின்னப் பெண். கையை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு முழங்காலைத் தொட்டாள். தொட்டதுமே முகம் மாறியது. முழங்கால் பந்து மாதிரி வீங்கியிருந்தது.

"இது எப்போலேருந்து?"

"நேத்துலேருந்துதான்."

"நேத்து வந்த வீக்கம் இப்படி இருக்காது. வீங்குனா ரெண்டு நாள் பயிற்சிய நிறுத்தச் சொன்னேனே, நிறுத்துனீங்களா?"

அக்கா சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தாள்.

"நிறுத்தல," என்றாள் கடைசியில். "நிறுத்தலாம்னுதான் உக்காந்தேன். சாயங்காலம் அது அழ ஆரம்பிச்சிடுச்சு."

"எது?"

"வாத்துக்குஞ்சு. மறந்துட்டீங்களான்னு கேக்குது. நான் எங்க மறந்தேன்? வலிக்குதுன்னு அதுகிட்ட எப்படிச் சொல்றது? சொல்றதுக்கு அதுல வழியே இல்ல. அதான் எழுந்து பண்ணிட்டேன். ஆறு நாளா."

பென்சிலுக்கு முதலில் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. பிசியோ சிரிக்கவே இல்லை. "நீங்க மட்டும் இல்லம்மா. போன வாரம் ஒருத்தர் காய்ச்சலோட பண்ணிருக்காரு. கேட்டா அவரும் இதேதான் சொல்றாரு," என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பேருந்தில் அக்காவின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பென்சில் சொல்லிவிட்டாள்.

"அக்கா, அந்த வாத்த நான்தான் வரைஞ்சேன். கண்ணீரும் நான்தான்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா? அதான பாத்தேன். எவ்ளோ அழகா அழுவுது!" என்று முதுகில் தட்டினாள். அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் கேட்டாள்: "ஆனா ஏன்டி அத அழ வெச்ச? நான் அதுக்கு என்ன பண்ணேன்?"

திட்டியிருந்தால்கூடப் பென்சிலுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

மறுநாள் காலை முதல் வேலையாக மேலாளர் அறைக்குப் போனாள். அக்காவின் கதையைச் சொல்லி, "கண்ணீர எடுத்துடணும் சார்," என்றாள்.

மேலாளர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்கப்பாவுக்கு இதே ஆபரேஷன்தாம்மா. வீம்புக்குப் பயிற்சி பண்ணாம விட்டாரு. கடைசி வரைக்கும் கால மடக்க முடியல, கட்டில விட்டு இறங்க இன்னொருத்தர் கை வேணும். அவர அழ வெச்சாவது எழுப்பிருக்கணும்னு நான் எத்தன நாள் நெனச்சிருக்கேன் தெரியுமா? இத்தன பேர் திரும்பி வர்றாங்கன்னா அது நல்லதுதானே?"

அது பென்சில் எதிர்பாராத பதில்.

"திரும்பி வர்றவங்கள எண்ணுறோம் சார். வராம போனவங்க கிட்ட ஏன்னு கேட்டோமா?"

கேட்கவில்லை. யாருக்கும் அது தோன்றவே இல்லை.

அன்று மதியமே மருத்துவமனையின் அனுமதியோடு, செயலியை விட்டுப்போனவர்களை இருவருமாகப் போனில் கூப்பிட்டார்கள். முதல் ஆள் ஒரு ஓய்வுபெற்ற ஓட்டுநர். கால் சரியாகிவிட்டது, அதனால் நிறுத்திவிட்டேன், நீங்கள் யார், எதற்கு என் தூக்கத்தைக் கெடுக்கிறீர்கள் என்றார். மேலாளர் பென்சிலைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

இரண்டாவது ஒரு ரொட்டிக்கடைக்கார அம்மா. "அந்தக் குஞ்சா? போன எடுத்துத் துணி அலமாரிக்குள்ள வெச்சிட்டேன் தம்பி," என்றாள். "ஒரு நாள் விட்டுப் போச்சு, அழுதுது. மறுநாள் அத எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் பாக்கறது? அப்படியே விட்டுட்டேன்."

"பயிற்சி?" என்றார் மேலாளர்.

"அதையும்தான். கால் சரியா மடங்க மாட்டேங்குது."

அதற்குப் பிறகு இன்னும் ஆறு பேரிடம் பேசினார்கள். அதில் மூன்று பேர் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். மேலாளர் போனை வைத்தார்.

"எங்கப்பாவும் அலமாரியிலதான் வெச்சிருப்பாரு," என்றார். "எடுத்துடும்மா."

எடுப்பது சுலபம். அந்த இடத்தில் எதை வைப்பது என்பதுதான் பாடாய்ப் படுத்தியது. பிசியோவை அழைத்து உட்காரவைத்துப் பேசினார்கள். தினமும் திறந்ததும் முதலில், 'இன்னைக்குக் கால் எப்படி இருக்கு?' என்று கேட்பது என்று முடிவானது. வலி, வீக்கம், காய்ச்சல் என்று எதைச் சொன்னாலும் மருத்துவமனைக்குத் தகவல் போகும்; அன்றைக்குக் குஞ்சும் ஓய்வெடுக்கும். ஒரு நாள் வராமல் போனால் கேள்வி கிடையாது. மறுநாள் வந்தால் வழக்கம்போல முதல் பயிற்சி. புரோகிராமர் முணுமுணுத்துக்கொண்டே, ஆனால் இரண்டே வாரத்தில், எல்லாவற்றையும் செய்து முடித்தான்.

ஓய்வெடுக்கும் குஞ்சை வரையப் பென்சில் மாதிரிக்காக எங்கும் தேடவில்லை. கூடத்தில் அக்கா தலையணைமேல் காலை நீட்டி, வாயைப் பிளந்துகொண்டு மதியத் தூக்கம் தூங்கினாள். எதிரே உட்கார்ந்து அப்படியே வரைந்தாள். விழித்ததும் அக்கா தாளைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"இது நான்தானே?"

"வாத்து."

"வாத்துக்கு எதுக்குடி இவ்ளோ பெரிய வயிறு?"

"அப்படியே அச்சு அசல்," என்றார் அத்தான். தலையணை அவர்மேல் பறந்தது.

முதல் மாதம் எண்ணிக்கை இறங்கியது. மேலாளர் தினமும் காலையில் அந்த எண்ணிக்கையின் வரைபடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஆனால் கண்ணீரைத் திருப்பிக் கொண்டுவா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மருத்துவமனைக்காரர்களிடம் இறக்கத்தை மறைக்காமல் காட்டி, அலமாரிக் கதையையும் அவரே சொன்னார். மூன்றாம் மாதம் இறங்கியதில் பாதி ஏறியது. பழைய உயரத்தை அது பிறகு தொடவே இல்லை. வீங்கிய காலோடு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று பிசியோ தகவல் அனுப்பினாள். ரொட்டிக்கடைக்கார அம்மா திரும்பி வந்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா முதல் தடவையாகக் கைத்தடி இல்லாமல் தெருவில் இறங்கினாள். தெருக்கோடியில் இருக்கும் தபால்பெட்டி வரைக்கும் நடந்தே தீருவது என்று சபதம் போட்டிருந்தாள். பென்சில் கூடவே நடந்தாள். பாதி வழியில், ஒரு வீட்டின் குட்டைச் சுவரருகே அக்கா நின்றாள். பென்சிலும் நின்றாள்.

"வலிக்குதுடி," என்றாள் அக்கா. "இன்னைக்கு இது போதும்."

இருவரும் சுவரில் உட்கார்ந்துகொண்டார்கள். வெயில் இதமாக இருந்தது. அக்கா காலை நீட்டித் தங்கையின் மடியில் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டில் யார் யாருக்கு எங்கிருந்து கடிதம் வரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.