ஓட்டுநரின் ஓட்டம்

பஸ்ஸுக்குக் குறுக்கே பாய்ந்த சைக்கிள்காரர் அந்த இடத்திலேயே இறந்துபோனார். ஓட்டுநர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அவருக்குத் தூக்கம் போயிற்று; ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை வெடவெடத்தது. டெப்போ அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு பெருத்தது, படியேறினால் மூச்சு வாங்கியது.

ஒருநாள் காலையில் நர்ஸ் வேலை பார்க்கும் தங்கை வந்து போர்வையை உருவினாள்.

"எழுந்திருண்ணா, ஓடிட்டு வரலாம்."

"ஓடினா போன உயிர் வந்துடுமா?"

"வராது. உன் உயிராவது நிக்கட்டும்."

தெருமுனை தாண்டுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. திட்டிக்கொண்டே மறுநாளும் போனார். மாதங்கள் போகப்போக உடம்பு இளைத்தது, இரவில் கண் அசந்தது. ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுகை வெடித்தது. அதுவரை அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. தங்கை வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே ஓடினாள்.

அடுத்த வாரம் மேலாளரிடம் போய் வண்டி கேட்டார். அதே தடம்தான் கிடைத்தது. விபத்து நடந்த திருப்பம் வந்ததும் நெஞ்சு படபடத்தது. ஓடும்போது பழகியபடி மூச்சை ஆழமாக இழுத்து மெல்ல விட்டார். இறந்தவரின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. கை மட்டும் நடுங்கவில்லை.