ந்யுமாவா, ந்யும்பாவா?

பயிற்சி மைதானத்தில் பெண்கள் படை கிழக்கே பார்த்து நின்றது. "ந்யுமா கெயுகா!" என்று தொண்டை கிழியக் கத்தினார் சார்ஜென்ட் முட்டிஸ்யா. எல்லோரும் மேற்கே திரும்பினார்கள். புதிதாகச் சேர்ந்த அகிரு மட்டும் வழக்கம்போல வடக்கே, தன் ஊரான துர்கானா பக்கம் பார்த்து ஜம்மென்று நின்றாள்.

"ஏம்மா, அங்க என்ன ஒட்டகத்துக்குக் கல்யாணமா நடக்குது?"

"நீங்கதானே அஃபாண்டே வீட்டுப் பக்கம் திரும்பச் சொன்னீங்க!"

வரிசையே குலுங்கிச் சிரித்தது. ந்யுமா என்றால் பின்னால், கெயுகா என்றால் திரும்பு. ந்யும்பா என்றால் வீடு. அஃபாண்டே என்றால் ஐயா. ஆட்டு மந்தையோடு வளர்ந்தவளுக்குப் பட்டாளத்துக்கு வந்துதான் சுவாஹிலியே பழக்கம். எத்தனை முறை கேட்டாலும் அவள் காதில் வீடுதான் விழுந்தது.

முட்டிஸ்யா தலையில் அடித்துக்கொண்டார். "முதுகுப் பக்கம் எதிரி வந்தா மொத்த வரிசையும் ஒரே நொடியில அவன் மூஞ்சியைப் பாக்கணும். அதுக்குத்தான் இந்த உத்தரவே பொறந்துச்சு. எல்லாரும் வலது பக்கமாத் திரும்பினாத்தான் உன் துப்பாக்கி பக்கத்துல நிக்கிறவ பல்லைப் பேக்காது. நாளைக்கு மேஜர் வர்றாரு. அப்பவும் இப்படி நின்னே, நெசமாவே வீட்டுப் பக்கம் திருப்பி விட்டுருவேன்!"

அகிரு பட்டாளத்துக்குக் கிளம்பியபோதே, "போன வேகத்துல திரும்பி வரத்தான் போற" என்று சிரித்த அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது? சாயங்காலம் உகாலிக் களியைக்கூடத் தொடாமல், தோழி நெகேசாவைக் கத்தச் சொல்லித் திரும்பிப் பழகினாள்.

"இப்ப காதுல என்னடி விழுது?"

"இப்பவும் வீடுதான்."

"விழுந்துட்டுப் போகட்டும். எங்க நின்னாலும் வீடு உன் முதுகுக்குப் பின்னாலதான் இருக்குன்னு வச்சுக்கோ."

மறுநாள் மேஜர் வந்து நின்றார். நேற்று முழுக்க அகிருவைக் கிண்டலடித்த முட்டிஸ்யாவின் நாக்கு, பாவம், அந்த நேரம் பார்த்துப் புரண்டது.

"ந்யும்பா கெயுகா!"

பாதிப் பேர் சிரிப்பை அடக்க முடியாமல் நெளிந்தார்கள். மீதிப் பேர் திரும்புவதா வேண்டாமா என்று திருதிருவென விழித்தார்கள். அகிருவுக்கு மட்டும் ஒரு குழப்பமும் இல்லை. வலது குதிகாலில் சுழன்று, இடது காலை ஓங்கி அடித்து, மேற்கே பார்த்து மலைபோல் நின்றாள்.

"இந்தக் கூட்டத்துல ஒருத்திக்குத்தான் திரும்பத் தெரியுமா? யாருய்யா அவ?" என்றார் மேஜர்.

முட்டிஸ்யா சல்யூட் அடித்தார். "அகிரு, அஃபாண்டே."

"இனிமே அவ முன்வரிசையில நிக்கட்டும். மத்தவங்க அவளைப் பாத்துத் திரும்பட்டும்."

முன்னே நடந்தவளிடம் முட்டிஸ்யா கிசுகிசுத்தார். "நான் உளறினது உனக்குத் தெரியவே இல்லையா?"

"தெனமும் அதைத்தானே அஃபாண்டே சொல்றீங்க?" என்றாள் அகிரு. அண்ணனை நினைத்துக்கொண்டு, முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றாள்.