நான் பார்க்காத பந்து

1

கடுகு சாஸைப் பற்றிய ஒரு ஜோக்கிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அயோவாவில் ஒரு சிறுநகரப் பத்திரிகையில், பேஸ்பால், தொலைக்காட்சி, வீட்டுப் புல்வெட்டி என்று வாய்க்கு வந்ததை ஞாயிறுதோறும் எழுதுகிறவன் நான். நேற்று உள்ளூர் பேஸ்பால் ஆட்டம் நடக்கும்போதே அந்த ஜோக்கைக் கைபேசியில் தட்டிக்கொண்டிருந்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘பந்து எகிறியதை என் இரு கண்களாலும்—’

(பொய். இரண்டு கண்களும் கைபேசியில் இருந்தன.)

இன்னொன்று: ‘தீர்ப்புச் சொல்கிறவனின் தனிமை என்பது—’

(செய்த கோளாறுக்குத் தத்துவம் வேறா?)

3

நேராகவே சொல்லிவிடுகிறேன். அடித்த பந்தைத் தடுப்பவர் பிடிக்கவில்லை என்றால், அது அடித்தவரின் திறமையா, தடுத்தவரின் தவறா என்று ஒருவர் முடிவு சொல்ல வேண்டும். முன்னது ஹிட், பின்னது எர்ரர். எங்கள் மைதானத்தில் அந்த ஒருவனும் நான்தான்.

வெண்டல் க்ராஸ் பந்து வீசிக்கொண்டிருந்தார். இந்தப் பருவத்தோடு அவருக்கு ஆட்டம் முடிகிறது. அப்புறம் மாமனாரின் டயர் கடை. மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் எட்டாவதுவரை ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. ஹிட்டே கொடுக்காமல் ஓர் ஆட்டத்தை முடிப்பது வாழ்நாளில் ஒருமுறை வாய்த்தாலே பெரிது. அப்போது ‘டக்’ என்று சத்தம். நிமிர்ந்தேன். பந்து புல்வெளியில் உருண்டுகொண்டிருந்தது.

பக்கத்து இருக்கையில் வானொலி வர்ணனையாளர் மார்சி மைக்கைப் பொத்திக்கொண்டாள்.

“யோவ் கோர்டி, ஹிட்டா எர்ரரா? ஊரே காத்துக்கிட்டிருக்கு.”

“ஹிட்” என்றேன், கணீரென்று.

“அப்படியா தெரிஞ்சுது உனக்கு? முதல்ல கண்ணாடிய மாத்து.”

அவளையே கேட்டிருக்கலாம். கேட்டால் நான் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடுமே.*

அதற்குப் பிறகு வெண்டல் வேறு ஹிட் கொடுக்கவில்லை.

* வீடியோ? இருந்த ஒரே காமிரா வெண்டலின் முகத்தை விட்டு நகரவில்லை. ஊடகம் என்றால் அதுவும் நானும்தான்.

4

ஆட்டம் முடிந்ததும் முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு வெண்டல் நாங்கள் உட்கார்ந்திருந்த மாடி அறைக்கு ஏறி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சண்டைக்கு வரலப்பா. பந்த விட்டதுமே கால் மடங்கி விழுந்துட்டேன், ஒண்ணும் பாக்கல. கீழ பசங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றானுங்க. நீதான் சரியா பாத்திருப்ப. எப்படிப் போச்சு?”

“கல்லுல பட்டு எகிறிடுச்சு, வெண்டல். யாராலயும் பிடிச்சிருக்க முடியாது.”

அதோடு நிறுத்தினேனா? புழுதி பறந்தது என்றேன், தடுத்தவன் பாய்ந்த அழகைச் சொன்னேன். எழுத்தாளன் அல்லவா.

“அப்பச் சரி. கல்லு மேல கோவப்பட்டு என்ன ஆகப்போகுது? பொண்டாட்டி கேட்டா இதையே சொல்லிடறேன்.” என் தோளைத் தட்டினார். “நீ பாத்தியே, அது போதும்.”

வெட்கத்தில் நான் கைபேசியைப் பைக்குள் திணித்தேன்.

5

விதிப்படி நாளை மாலைவரை முடிவை மாற்றலாம்.

முடிவு ஒன்று: எர்ரர் என்று திருத்துகிறேன். வெண்டலுக்கு அவருடைய ஹிட்டே இல்லாத ஆட்டம் கிடைக்கிறது. நான் பார்க்காத ஒரு தவறு தடுத்தவன் பெயரில் ஏறுகிறது.

முடிவு இரண்டு: பேசாமல் இருக்கிறேன். அந்தக் கல் நிஜமாகிவிடுகிறது.

முடிவு மூன்று: வெண்டலைக் கூப்பிடுகிறேன். ‘வெண்டல், நான் அந்தப் பந்தை—’

(மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டேன். இதைத் தாண்டி வரவில்லை.)

இனி நீங்களே சொல்லுங்கள், வாசகரே: ஹிட்டா, எர்ரரா?

‘எனக்கெப்படித் தெரியும், நான் பார்க்கவில்லையே’ என்கிறீர்கள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள்.