ஆளுக்கொரு வாளி மண்

அந்த கோல்ஃப் மைதானத்தில் விளையாட ஒரு காலத்தில் கட்டணமே கிடையாது. ஆளுக்கொரு வாளி மண் கொண்டுவந்து கொட்டினால் போதும். கல்லுடைத்தவர்கள் அம்போவென்று விட்டுப்போன பாறைக்குழியை ஊர்க்காரர்கள் அப்படித்தான் நிரப்பி மைதானமாக்கினார்களாம். மைதானத்துப் புல்வெட்டுக்காரியின் அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் அவள், சும்மா அளக்காதீங்கப்பா என்பாள். பின்னே, வாளி வாளியாகக் கொட்டி எந்தப் பாறைக்குழி நிரம்பும்? முழங்கால் பள்ளம் ஏதாவது இருந்திருக்கும்.

கட்டணம் வந்தபிறகும் பெருசுகள் பழக்கத்தை விட்டபாடில்லை. பார்த்துப் பார்த்து வெட்டிய புல்லின் மேல் மண்ணைக் கொட்டினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? மைதானப் பொறுப்பு தன் கைக்கு வந்த முதல் வாரமே அவள் அதை நிறுத்தினாள்.

இப்போது நகராட்சிக்கு இடத்தின்மேல் கண் விழுந்துவிட்டது. ஏழு மாடி கட்டப் போகிறார்களாம். பழைய வரைபடத்தில் பாறை என்று போட்டிருந்தது; பாறை என்றால் மாடி தாங்கும். மண் பரிசோதகர் வந்து ஆமாம் பாறைதான் என்று எழுதிவிட்டால் மைதானமும் போச்சு, அவள் பிழைப்பும் போச்சு.

பரிசோதகர் பந்து விழும் கடைசிக் குழியருகே துளைக்குழாயை இறக்கினார். இரண்டடியில் பாறை தட்டும் என்றார். தட்டவில்லை. ஐந்தடியில் முகம் சுளித்தார். பதினாலாவது அடியில்தான் ணங்கென்றது.

குழாயிலிருந்த மண்ணை நீளத் தட்டில் வரிசை குலையாமல் பரப்பினார். செம்மண், அதன்மேல் கரிசல், ஆற்றுமணல், மறுபடி செம்மண், சாம்பல் கலந்த தோட்டத்து மண். விரற்கடைக்கு ஒரு நிறம். அவள் குனிந்து பார்த்தாள். எத்தனை வீட்டுக் கொல்லை, எத்தனை பேர் தோள்வலி! அப்பா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பரிசோதகரும் நிறங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

"இருபது வருஷமா மண்ணைத் தோண்டுறேம்மா, இப்படி ஒண்ணப் பார்த்ததில்ல. இது மேல மாடி நிக்காது. அப்படியே எழுதிடுறேன்."

அவளுக்குக் கும்பிடத் தோன்றியது. அவரையா, தட்டையா என்றுதான் தெரியவில்லை. நிரப்பியது யார் என்று படிவத்தில் ஓர் இடம் இருந்தது. ஆட வந்த எல்லாரும் என்று அவள் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். பிறகு சிரித்தபடி தட்டைக் காட்டினார்.

"இதுல நீங்க போட்டது எதும்மா?"

அவள் தட்டை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தாள்.

"ஒரு வாளிகூட இல்லீங்க. போடாதீங்கன்னு சொன்னவ நான்."