லைனிலை நில்லுங்கோ

யசிந்தா ரீச்சர் உதட்டைக் குவித்துக் காட்டினார்.

“விசிலடிக்கிற மாதிரி வாயை வையுங்கோ. வாயை அசைக்காமல் ‘இ’ எண்டு சொல்லுங்கோ. அதுதான் பிரெஞ்சிலை U.”

குருநகரில் அவருடைய வீட்டு முன் அறையில் இருந்த எல்லாரும் உதட்டைக் குவித்தோம். என்னைத் தவிர மற்றவர்கள் பிரான்சில் மாப்பிள்ளை நிச்சயமாகி விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். பக்கத்தில் இருந்த லவீனா என் தோளில் இடித்தாள்.

“அக்கா, உதென்ன, அழப்போற மாதிரிச் சொல்லுறியள்? மாப்பிளை பயந்து போனை வைச்சிடப் போறார்.”

“எனக்கு மாப்பிளை இல்லை.”

“அப்ப ஆரோடை கதைக்கப் பழகுறியள்?”

“சும்மாதான்.”

அவள் நம்பவில்லை. நானும் அவளை நம்பவைக்க முயலவில்லை.

அதற்கு முந்தின நாள் பின்னேரம் கிறிஸ்ரி போன் எடுத்திருந்தான். பிரான்சில் என் தம்பி கஜீபனோடு ஒரே அறையில் இருப்பவன். ஒரே சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை செய்பவன். “அக்கா, கஜீபன் வேலையிலை மயங்கி விழுந்திட்டான். அம்புலன்ஸ் ஏத்திக்கொண்டு போட்டுது. ஆஸ்பத்திரிக்கு அடிச்சுக் கேட்டன், குடும்பக்காரருக்குத்தான் சொல்லுவினமாம். எனக்கு விசா இல்லை அக்கா. நேரை போய் நிக்கப் பயமாக் கிடக்கு” என்றான். ஆஸ்பத்திரி இலக்கத்தை அனுப்பினான். அதற்குப் பிறகு அவனுடைய போன் வேலை செய்யவில்லை.

அந்த நேரமே நான் ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டேன். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அந்தப் பக்கத்தில் இருந்த பெண் திருப்பி வாசித்தபோது அது எந்த மனிதருடைய பெயராகவும் இருக்கவில்லை. நான் சொன்ன ஒலிகள் அவளுக்கு வேறு எழுத்துகள். மூன்றாம் முறையும் பிழைத்தபோது அவள் வைத்துவிட்டாள்.

விடிந்ததும் உரும்பிராயிலிருந்து பஸ் ஏறி வந்தேன். மதிலில் ஒட்டியிருந்த நோட்டீசில் பார்த்த வகுப்பு இது. எனக்கு மொழி வேண்டாம். ஒரு பெயரைச் சொல்லத் தெரிந்தால் போதும்.

ஆனால் எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சரிவரச் சரிவர எனக்குப் பயம் கூடிக்கொண்டு வந்தது. G-யை ‘ஜே’ என்றும் J-யை ‘ஜி’ என்றும் சொல்லவேண்டும். H வந்தால் ‘அஷ்’. நான் சரியாகச் சொன்னால் அவர்கள் பதில் சொல்லுவார்கள். பிழையாகச் சொல்லிக்கொண்டிருக்கும் வரைக்கும் கஜீபன் எங்கோ ஒரு கட்டிலில் மூச்சு விட்டுக்கொண்டு கிடப்பான். என் நாக்கு இடறியது பழக்கமில்லாததாலா, பதிலைக் கேட்க விருப்பமில்லாததாலா என்று எனக்கே பிடிபடவில்லை.

வகுப்பு முடிந்ததும் ரீச்சர் என்னை நிற்பாட்டினார்.

“உதயகலா, நீர் கலியாணத்துக்குப் படிக்க வரேல்லை. என்ன பிரச்சினை?”

சொன்னேன். அவர் கையை நீட்டினார். “போனைத் தாரும். நான் கதைக்கிறன்.”

நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் கதைத்தால் பதில் அவருக்குத்தான் முதலில் விளங்கும். எனக்குச் சொல்ல வாயெடுக்கும் முன்பு ஒரு கணம் இருக்குமே, அந்தக் கணத்தில் நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். அது என்னால் முடியாது.

“நானே கதைக்கிறன் ரீச்சர்.”

அவர் வற்புறுத்தவில்லை. ‘ஜெ சுயி ஸா சேர்’ என்றால் நான் அவருடைய சகோதரி என்று சொல்லித்தந்தார். “பிறகு ‘நெ கித்தே பா’ எண்டுவினம். லைனிலை நில்லுங்கோ எண்டு அர்த்தம். பயத்திலை வைச்சிடாதையும். வீட்டிலை சொல்லிட்டீரோ?”

இல்லை என்று தலையாட்டினேன்.

வீட்டில் அப்பா மட்டும்தான். மூன்று வருசத்துக்கு முன்பு அம்மா செத்தபோது கஜீபன் வரவில்லை. அகதி விசாவில் இருப்பவன் வரமுடியாது என்று அப்பாவுக்கும் தெரியும். என்றாலும் கொள்ளி வைக்க மகன் இல்லாமல் நின்றதை அவரால் விழுங்க முடியவில்லை. “உவன்ரை கதை இஞ்சை வேண்டாம்” என்று அன்று சொன்னவர் அதற்குப் பிறகு அவன் பெயரைச் சொன்னதே இல்லை. அவருக்கு இதை எப்படிச் சொல்வது? அவர் இடிந்துபோவாரோ என்று பயந்தேன். இடிந்துபோகாமல் இருந்துவிடுவாரோ என்று அதைவிடப் பயந்தேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அப்பா படுத்தார். பிரான்சில் அப்போது காலை. நான் கிணற்றடிக்குப் போய், சத்தம் வீட்டுக்குள் கேட்காதபடி வாழைகளுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தேன். ஓர் ஆணின் குரல்.

“கா, ஆ, ஜி...”

KAJEEPAN. அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். ஒரு எழுத்தும் பிழைக்கவில்லை. எனக்குச் சந்தோசம் வந்தது. எதற்காகச் சொல்கிறேன் என்பதையே மறந்து, பரீட்சையில் பாஸான பிள்ளையைப்போல ஒரு சந்தோசம். அடுத்த கணம் என்னை நானே அறைய வேண்டும் போலிருந்தது.

“நொன், மதாம்.”

இல்லையாம். கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் இல்லாதவன் வேறு எங்கே இருப்பான்? அவர் ஏதோ கேட்டார். மறுபடியும் கேட்டார். கடைசிச் சொல் ‘ஃபமீய்’ என்று முடிந்தது.

குடும்பம். குடும்பப் பெயர்.

எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. அப்பாவின் பெயர் முன்னால் ஒரு எழுத்தாக நிற்கும், அவ்வளவுதான். ஆனால் கஜீபனின் பாஸ்போட்டில் குடும்பப் பெயருக்குரிய இடத்தில் அப்பாவின் பெயரைத்தான் போட்டிருந்தார்கள். அந்த நாட்டுக்கு அவன் கஜீபன் இல்லை.

“மெர்சி” என்று நன்றி சொல்லிப் போனை வைத்தேன். அவ்வளவு நீளமான பெயரை நான் பழகியிருக்கவில்லை. வாளித் தண்ணீரில் விரலை நனைத்து, கிணற்றடிச் சீமெந்தில் பெரிய எழுத்தில் எழுதினேன். SHANMUGANATHAN. எழுத்துக்கு எழுத்து வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

“ஏன் பிள்ளை என்ரை பேரை நிலத்திலை எழுதுறாய்?”

அப்பா பின்னால் நின்றார். மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கிணற்றுக்கட்டில் மெதுவாக இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நிலத்தில் இருந்த எழுத்துகளில் படாமல் காலை ஒதுக்கி வைத்தார்.

“உவன் அங்கை என்ரை பேரிலையோ இருக்கிறான்?”

“ஓமப்பா. வேலையிலை, வங்கியிலை, எல்லா இடமும் உங்கடை பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவினம்.”

“ஒவ்வொரு நாளுமோ?”

“ஒவ்வொரு நாளும்தான்.”

அவர் நிலத்தைப் பார்த்தார். வெயிலில் முதல் எழுத்துகள் மங்கத் தொடங்கியிருந்தன. “காயுது. கெதியா எடு” என்றார்.

இந்த முறை நான் ஸ்பீக்கரில் போட்டேன். அதே ஆண். “எஸ், அஷ், ஆ, என், எம்...” அப்பா குனிந்து வாளிக்குள் கையை விட்டு, காய்ந்துகொண்டிருந்த ஒவ்வொரு எழுத்தின்மேலும் விரலால் திரும்பத் திரும்ப எழுதினார். நான் வாசிக்க வாசிக்க அவருடைய விரல் எனக்கு முன்னால் போனது. U வந்தபோது உதட்டைக் குவித்தேன். அப்பாவும் குவித்தார், தன்னை அறியாமல்.

“நெ கித்தே பா, மதாம்.”

பாட்டு ஒன்று தொடங்கியது.

“என்னவாம்?”

“லைனிலை நில்லுங்கோவாம்.”

“நிப்பம்,” என்றார் அப்பா.

அந்தப் பாட்டு முடியவே கூடாது என்று நினைத்தேன். உடனே முடிந்துவிட வேண்டும் என்றும் நினைத்தேன். பாட்டு நின்றது. ஒரு பெண் வந்தாள். “ஜெ சுயி ஸா சேர்,” என்றேன். அவள் நீளமாக ஏதோ சொன்னாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அந்தக் குரலில் இரக்கம் இருக்கிறதா என்று மட்டும் தேடினேன். இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. பிறகு சப்பாத்துச் சத்தம். ஒரு கதவு திறந்தது. ஏதோ ஒரு மிசின் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவள் யாரையோ கூப்பிட்டாள்.

“முசியே சண்முகநாதன்?”

“ஓம்,” என்றார் அப்பா.

படலையில் யாரோ வந்து கூப்பிட்டால் சொல்வாரே, அதே ‘ஓம்’. சொன்ன பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் மிசின் மட்டும் கீச்சிட்டது.

பிறகு, தொண்டை காய்ந்த ஒரு குரல், மிகத் தூரத்தில், “வுய்” என்றது. பிரெஞ்சில் அதுவும் ‘ஓம்’தான்.

எனக்கு அந்தக் குரல் தெரியும். கதைக்க வாயெடுத்தேன். அப்பா ஈரக் கையால் என்னிடமிருந்து போனை வாங்கினார்.

“கஜீபன்,” என்றார்.